கொடிக்கயிற்றுக்குக் கொடுத்த விருது

எங்கள் சங்கத்தின் விருதுக்கு இந்த வருடத்திலிருந்து யாரும் நேரில் போய்ப் பார்ப்பது கிடையாதாம். விண்ணப்பிக்கும் நிறுவனம் பத்து நிமிட வீடியோ எடுத்து அனுப்பினால் போதும். நடுவர்கள் வீட்டில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே மதிப்பெண் போட்டுவிடுவார்கள். இப்போதைய செயலாளர் திவ்யா போன் செய்து, "சார், நீங்க இருந்தப்ப எப்படிப் பார்த்தீங்கன்னு ஒரு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. நடுவர்களுக்கு அனுப்பணும்" என்றார்.

"ரெண்டு பக்கத்துல கக்கூஸைப் பத்தி மட்டும்தான்மா எழுத முடியும்" என்றேன். லைன் கட்டாகிவிட்டதோ என்று ரெண்டு தடவை ஹலோ சொன்னேன்.

தெரியாதவர்களுக்காக முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சின்னச் சின்னப் பட்டறைக்காரர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சங்கத்தில் நான் தட்டச்சராகச் சேர்ந்து, அலுவலகச் செயலாளராக ஓய்வு பெற்றேன். நடுவில் இருந்த வருடங்களில் நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று. மற்றவர்கள் கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்துக் கொடுப்பது. அதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. வேப்பம்பட்டிலிருந்து தினமும் மின்சார ரயிலில் வந்து, புள்ளி வைத்துவிட்டு, மறுபடி மின்சார ரயிலில் போவேன்.

சங்கம் வருடாவருடம் 'சிறந்த பட்டறை' என்று ஒரு விருது கொடுத்துவந்தது. உறுப்பினர் எல்லாருக்கும் முறை வைத்துக் கொடுத்ததில் சிலருக்கு இரண்டாவது சுற்றே வந்துவிட்டது. அப்போது புதிதாக வந்த தலைவர் ஒருவர், இந்தக் கூத்து போதும் என்று நிறுத்தினார். உடல் ஊனமுற்றவர்கள், பெண்கள், திருநங்கைகள் என்று யாரையெல்லாம் பட்டறை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறோமோ, அவர்களையும் சரிசமமாக உள்ளே உட்காரவைக்க யார் புதிதாக ஏதாவது ஒரு வழி கண்டுபிடிக்கிறார்களோ, அவர்களுக்குத்தான் இனிமேல் விருது என்றார். பரிசோதிக்க ஒருவரைக் கூட்டிக்கொண்டும் வந்தார். அவர்தான் சரோஜினி மேடம்.

மேடம் ஆவடி பாதுகாப்புத் தொழிற்சாலையில் பாகங்களைப் பரிசோதிக்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். முப்பது வருடம் ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்தும் பேச்சு மட்டும் ஊரை விட்டு வரவே இல்லை. கைப்பையில் எப்போதும் ஒரு இரும்புத் துண்டு வைத்திருப்பார். துளையின் அளவு சரியா என்று பார்க்கிற கேஜ் அது. ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், மறுமுனை போகக்கூடாது. இரண்டும் சரியாக நடந்தால் பாகம் தேறும், இல்லையென்றால் குப்பைக்கு. "நடுவுல ஒண்ணும் கெடையாது தேவராஜன். 'கொஞ்சம் நல்லாருக்கு'ன்னு ஒரு முனை இதுல இல்ல பாத்துக்கிடும்" என்பார். நிறுவனங்களையும் அதேபோலத்தான் எடை போட்டார். மதிப்பெண் எல்லாம் கிடையாது. படிவத்தில் நீலப் பென்சிலால் 'போகும்' அல்லது 'போகாது', அவ்வளவுதான்.

அவர் வைத்திருந்த முறை இது. முன்வாசல் வழியாக நுழைவதற்கு முன் கட்டடத்தை வெளியே ஒரு சுற்றுச் சுற்றுவார். உள்ளே போனதும், திரையில் படம் காட்ட அவர்கள் விளக்கை அணைக்கும்போது, "பாத்ரூம் எங்க இருக்கு?" என்று கேட்பார். யார் யாரோடு சேர்ந்து சாப்பிடுகிறார்கள் என்று மத்தியானம் எட்டிப் பார்ப்பார். கடைசியாகத்தான் அவர்களுடைய கண்டுபிடிப்பைப் பார்ப்பார். ஒரு கம்பெனியில் பெண்கள் ஓய்வறை என்று அழகாகப் பலகை மாட்டியிருந்தார்கள். கதவு பூட்டியிருந்தது. சாவி மேனேஜரிடம், மேனேஜர் திருப்பதியில். மேடம் அந்தப் பூட்டைக் கையில் தூக்கிப் பார்த்து, "நல்ல கனமான பூட்டு" என்று பாராட்டிவிட்டு வெளியே வந்துவிட்டார்.

பூந்தமல்லிப் பக்கம் ஒரு பெரிய கம்பெனியில் சக்கர நாற்காலி போவதற்கென்று பளபளவென்று சாய்தளம் கட்டியிருந்தார்கள். மேடம் அதை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தேவராஜன், நீரு உக்காரும்" என்றார். "நானா?" "பின்ன, நானா?" உட்கார்ந்தேன். மேலிருந்து ஒரு தள்ளு. சும்மா சொல்லக்கூடாது, அந்த வேகத்தில் எங்கள் ரயில்கூடப் போனதில்லை. கீழே வரவேற்புக்காகப் பூ மிதக்கவிட்டிருந்த பித்தளை உருளிக்குள் இரண்டு காலையும் விட்டுக்கொண்டு போய் நின்றேன். ஓடிவந்த அதிகாரி என்னை விட்டுவிட்டு உருளியைத் தூக்கினார். மேடம் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். கண்ணாடியைத் துடைத்தால் 'போகாது' என்று அர்த்தம். ஈரக் காலோடு வேப்பம்பட்டு வரைக்கும் போனேன். "உங்க விருதுக்கு நீச்சலும் உண்டா?" என்று கேட்டாள் என் மனைவி.

இப்படி ஊரார் தப்பையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்கிறேனே, என் தப்பைச் சொல்லவேண்டாமா? அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

தணிகாசலம் என்று ஒருவர் பவர் பிரஸ் பட்டறை வைத்திருந்தார். தகட்டை வெட்டி வாஷர் போடுகிற இடம். பத்து பிரஸ்கள். வேலை செய்தவர்களில் ஏழு பேர் காது கேளாத பெண்கள். அவர் அனுப்பிய விண்ணப்பத்தில் 'புதுமையான தகவல் தொடர்பு முறை' என்று எழுதியிருந்தது. அவர் மாப்பிள்ளை ஐ.டி.யில் இருக்கிறார், அவர் எழுதிக் கொடுத்ததாம். என்ன முறை என்று ஒரு வரிகூட இல்லை.

நடுவர் போவதற்கு முன் செயலாளர் ஒருமுறை போய் உரிமம், விலாசம் எல்லாம் சரிபார்க்க வேண்டும். அதற்கு மேடம் போட்டிருந்த விதி: பார், டிக் போடு, வாயை மூடிக்கொண்டு வா. நான் முதல் இரண்டையும் ஒழுங்காகச் செய்தேன்.

உள்ளே போனதும் கண்ணில் பட்டது ஒரு நீல நைலான் கயிறு. வாசலில் தொடங்கி, சுவரோரமாக, ஒவ்வொரு பிரஸ்ஸுக்கும் பக்கத்தில் தலை உயரத்தில் போனது. ஒவ்வொருவர் கண்ணுக்கும் நேராக அதில் ஒரு சிவப்பு ரிப்பன். யாராவது ஒரு இடத்தில் இழுத்தால் எல்லா ரிப்பனும் ஆடும். பார்த்தவர்கள் கையை உயர்த்திக் கயிற்றைத் தொட்டு, 'பார்த்துவிட்டேன்' என்று பதிலுக்கு ஒரு இழு இழுப்பார்கள். ஒரு இழுப்பு என்றால் டீ. இரண்டு இழுப்பு என்றால் ஸ்கிராப் வண்டி வருகிறது, முதுகை உள்ளே இழுத்துக்கொள். பிரஸ் போடுகிற சத்தத்தில் காது நன்றாகக் கேட்பவர்களுக்கும் அங்கே எதுவும் கேட்காது, அதனால் அவர்களும் கயிற்றைத்தான் நம்பினார்கள். கட்டியவர் அந்த ஏழு பேரில் ஒருவரான கமலா. முன்பு வேலை பார்த்த பட்டறையில் பின்னால் வந்த வண்டி கெண்டைக்காலைக் கிழித்து, அதோடு அந்த வேலையும் போனது. இங்கே சேர்ந்த முதல் வாரமே வீட்டிலிருந்து கயிறு கொண்டுவந்து கட்டிவிட்டார்.

எனக்கு அது எதுவும் மண்டையில் ஏறவில்லை. எங்கள் வீட்டு மாடியில் துணி காயப்போடும் கொடிக்கயிறு அதே நீலம், அதே தடிமன். தணிகாசலத்தை ஓரமாகக் கூப்பிட்டேன்.

"அண்ணே, நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. இந்தக் கொடிக்கயித்தைக் கழட்டிடுங்க. மேடம் பார்த்தா துணி காயப்போடுற இடம்னு நினைப்பாங்க. எலக்ட்ரானிக்கா ஏதாவது வைக்கக் கூடாதா?"

"அட, ஆமா சார்! நம்ம மாப்ள கைல கட்ற பட்டை இன்னாமோ கீதுன்னு சொல்லிகினு இருந்தாரு. பட்டனை அமுக்குனா எல்லார் கைலயும் கிர்ருனு ஆடுமாம். அத்த வாங்கி மாட்டிடலாம்!"

"அது! அதுதான் புதுமை" என்று முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு வேறு வந்தேன். புத்தி கெட்டவன்.

இரண்டு வாரம் கழித்து மேடத்தோடு போனேன். சுவர் சுத்தமாக இருந்தது. புது வெள்ளை அடித்திருந்தார்கள். எல்லார் மணிக்கட்டிலும் கறுப்புப் பட்டை. ஒரு பிரஸ் மட்டும் துணி போர்த்தி மூடிக் கிடந்தது. மாப்பிள்ளை பொத்தானை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் பொழிந்து தள்ளினார். அந்த நேரம் பார்த்து, தகட்டுத் துண்டுகளை ஏற்றிக்கொண்டு ஸ்கிராப் வண்டி உள்ளே வந்தது. மாப்பிள்ளை பெருமையாக அமுக்கினார். பட்டைகள் ஆடியிருக்கும். ஆனால் பிரஸ்ஸில் கை வைத்து வேலை செய்பவர்களுக்கு அந்தக் கை காலையிலிருந்து ஆடிக்கொண்டேதான் இருக்கிறது. எந்த ஆட்டம் பிரஸ், எந்த ஆட்டம் பட்டை என்று யாருக்குத் தெரியும்? ஒருத்தரும் திரும்பவில்லை.

வண்டி தள்ளிய பாபு தன் முழு உடம்பையும் பின்னுக்குக் கொடுத்து நிறுத்தினார். நீட்டிக்கொண்டிருந்த தகடு ஒரு பெண்ணின் முதுகுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. நிழல் பட்டு அந்தப் பெண் திரும்பிப் பார்த்தார். பார்த்ததும் அவர் கை தானாக மேலே போனது. சுவரோரமாக, தலை உயரத்தில், வெறும் காற்றைத் தடவியது. அடுத்த பிரஸ்ஸில் இருந்தவர் கையும் அப்படியே போனது. அதற்கடுத்தவர் கையும். மேடம் அந்தக் கைகளையே பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வெளியே வரும்போது பாபுவிடம், மூடியிருந்த பிரஸ் யாருடையது என்று கேட்டேன்.

"கமலாக்காது சார். இந்தப் பட்டை வேலைக்காவாதுன்னு கைய ஆட்டி ஆட்டிச் சொல்லிச்சு, யாரும் கேக்கல. கய்ட்டி மேஜை மேல போட்டுடுச்சு. மொதலாளிக்குக் கோவம் வந்து, இனிமே வராதன்ட்டாரு. கயிறும் போச்சு, அக்காவும் போச்சு. எல்லாம் நீங்க சொன்னதுதானாமே சார்?"

அவர் நக்கலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

படிவத்தில் 'போகாது' விழுந்துவிட்டது. 'போகாது' வாங்கியவர்கள் மூன்று வருடம் விண்ணப்பிக்க முடியாது. தணிகாசலம் கயிற்றை இனித் தேடப்போவதும் இல்லை, கமலாவைக் கூப்பிடப்போவதும் இல்லை. விண்ணப்பதாரருக்கு யோசனை சொல்லிக் கொடுத்தது வெளியே தெரிந்தால் எனக்கும் வேலை போய்விடும். ஓய்வுக்கு இன்னும் சில வருடங்கள் இருந்தன. அம்பத்தூரில் ரயில் ஏறும்போதே சொல்ல வாயெடுத்தேன், பயத்தில் வரவில்லை. திருமுல்லைவாயிலில் கூட்டம் என்று எனக்கு நானே சாக்குச் சொன்னேன். அன்னனூர் தாண்டியதும், இதற்கு மேல் ஆவடிதான், மேடம் இறங்கிவிடுவார் என்ற பதற்றத்தில், "மேடம், அங்க ஒரு கயிறு இருந்துச்சு. நான்தான் கழட்டச் சொன்னேன்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

மேடம் என்னைத் திட்டவில்லை. "ஆவடி வந்துட்டு" என்று எழுந்தார். இறங்கி, ஜன்னல் பக்கம் வந்து, "நாளைக்கு ஒம்பது மணிக்கு வாரும். பேனா கொண்டாரும்" என்றார். அன்று ராஜினாமா எழுதத்தான் பேனா என்று நினைத்தேன்.

காலையில் மேஜைமேல் அந்தப் படிவம் இருந்தது. மேடம் விரலால் ஒரு கட்டத்தைத் தொட்டுக் காட்டினார். கழிப்பறை என்ற கட்டம் காலியாக இருந்தது. கீழே 'போகாது' என்று எழுதியிருந்த இடத்தில் ரப்பர் அழித்த தடம் மட்டும்தான்.

"நேத்து பாத்ரூமைப் பாக்க மறந்துட்டோம் பாத்தீரா? பரிசோதனை முழுசா முடியல. முடியாத பரிசோதனைக்கு முடிவு எப்படிவே போட முடியும்?"

முப்பது வருடம் பரிசோதகராக இருந்தவர் அந்தக் கட்டத்தை மறந்தார் என்றால் நம்புகிறவர்கள் நம்பலாம். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த விதியை அன்றுதான் முதல் முறையாக ஒழுங்காகக் கடைப்பிடித்தேன்.

பேனா எதற்கு என்றால், நான் செய்ததை என் கையாலேயே ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட. பென்சில் புள்ளி இல்லாமல் நான் கையெழுத்துப் போட்ட முதல் காகிதம் அது. மேடம் அதை மடித்துக் கேஜோடு சேர்த்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். "இது எங்கிட்ட இருக்கும். கழட்டச் சொன்னவரே போயி கட்டிட்டு வாரும்."

தணிகாசலம் ஆடிப்போய்தான் இருந்தார். அந்த ஒரு சாண் இடைவெளியை அவரும் பார்த்திருந்தார். "தப்புதான் சார். ஆனா நான் கூப்ட்டா அது வராது. நீங்கதானே கய்ட்ட சொன்னீங்க, நீங்களே போய் இட்டுகினு வாங்க" என்றார். நியாயம்தானே?

திருநின்றவூர் ஏரிப் பக்கம் வாடகை வீடு. கமலாவின் கணவர் ஆட்டோ ஓட்டுகிறவர், அவருக்குக் காது கேட்கும். அவர்தான் நடுவில் நின்று கையாலும் வாயாலும் மாற்றி மாற்றிச் சொன்னார். நான் யார், என்ன செய்தேன் என்று சொன்னதும் கமலாவின் கைகள் பறந்தன. முகம் சிவந்தது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் ஓயவே இல்லை. கணவர் என்னைப் பார்த்து, "கோவமா கீறா சார்" என்றார்.

"அவ்வளவுதானா? இவ்வளவு நேரம் சொன்னாங்களே?"

"நெறய சொல்றா சார். நீங்க பெரியவரு, நான் பாதிதான் சொல்லிகினு கீறேன்."

மீதிப் பாதியை நானே யூகித்துக்கொண்டேன். கடைசியில் கமலா தன் காலைக் காட்டினார். கெண்டைக்காலில் நீளமான தழும்பு. பிறகு, வேலை போய்விட்டதே என்றோ திரும்ப வேண்டும் என்றோ எதுவும் கேட்கவில்லை. அங்கே இருக்கிற ஆறு பேரில் யார் முதுகிலாவது தகடு பட்டதா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்ததும் கமலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அதுவும் அடக்கமுடியாத சிரிப்பு. வருகிறேன், ஆனால் ஒரு நிபந்தனை என்று கையைக் காட்டினார். கயிற்றை நான்தான் கட்ட வேண்டும்.

மறுநாள் ஸ்டூல் மேல் ஏறி, புது வெள்ளைச் சுவரில் ஆணி அடித்து, பத்து பிரஸ்ஸுக்கும் கயிறு கட்டினேன். கமலா பின்னாலேயே வந்து ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்தார். மூன்று முடிச்சுகளை அவிழ்த்துவிட்டு, மறுபடி கட்டு என்று காட்டினார். ஒன்று நன்றாகத்தான் இருந்தது. வேண்டுமென்றே அவிழ்த்தார் என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் உண்டு.

இரண்டாவது முறை மேடம் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றார். கழிப்பறையைப் பார்த்தார், நன்றாக இருந்தது. தணிகாசலம் எங்களை அழைத்துக்கொண்டு பிரஸ் பக்கம் நுழைந்ததும் ரிப்பன்கள் மூன்று தடவை ஆடின. அவ்வளவுதான், அதுவரை ஒருவருக்கொருவர் கையால் கதை பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் தலையைக் குனிந்து வேலையில் மூழ்கிவிட்டார்கள். அப்படி ஒரு அமைதி, அப்படி ஒரு கடமை.

"ஒண்ணுன்னா டீ, ரெண்டுன்னா வண்டி. மூணுன்னா என்ன?" என்று மேடம் கேட்டார்.

தணிகாசலத்துக்குத் தெரியவில்லை. "ஆமா, மூணு இன்னா?" என்று அவரும் கேட்டார். பாபுவுக்குத் திடீரென்று இருமல் வந்தது. கமலா முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் கையால் ஏதோ சொன்னார். பாபு இருமலுக்கு நடுவில், "ஆபத்து வருதுன்னு அர்த்தம் மேடம்" என்றார்.

"பாத்தீங்களா மேடம், நம்ம பட்டறைல சேஃப்டிய!" என்று தணிகாசலம் மீசையை முறுக்கி நெஞ்சை நிமிர்த்தினார்.

அன்று ரயிலில் மேடம் ரொம்ப நேரம் கழித்து, "ஏன் தேவராஜன், அந்த ஆபத்துக்கு மீசை உண்டுமோ?" என்று கேட்டார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். படிவத்தில் 'போகும்' என்று எழுதியிருந்தார்.

விருது விழாவில் கேடயத்தில் பட்டறையின் பெயரோடு கமலாவின் பெயரும் இருந்தது. மேடம் பிடிவாதமாகப் பொறிக்கவைத்தார். தணிகாசலம் மேடையில் மூன்று இழுப்பின் பெருமையைப் பத்து நிமிடம் விளக்கினார். கமலாவின் கணவர் அதைக் கையால் சொல்லிக் காட்ட, கீழே வரிசையாக உட்கார்ந்திருந்த ஏழு பெண்களும் கண்ணில் நீர் வரத் தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்கள். ஆனந்தக் கண்ணீர் என்று தலைவர் நினைத்துக்கொண்டார்.

நான் ஓய்வு பெற்ற அன்று மேடம் ஒரு உறையைக் கொடுத்தார். உள்ளே நான் எழுதிக் கொடுத்த அந்தக் காகிதம். கையெழுத்துக்குக் கீழே நீலப் பென்சிலால் 'போகும்' என்று இருந்தது. சால்வை, சந்தன மாலை எல்லாம் அப்புறம்தான். தேறிவிட்டோம் என்று வீடுவரை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன்.

திவ்யா கேட்டதை எழுதுவதற்கு முன், கயிற்றின் தடிமன் என்ன என்று சரிபார்த்துக்கொள்ளலாமே என்று போன வாரம் அந்தப் பட்டறைக்குப் போனேன். கயிறு இருந்தது, நிறம்தான் இப்போது பச்சை. நான் வாசலில் கால் வைத்ததும் ரிப்பன்கள் ஆடின. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. எனக்குத் தெரிந்து நான்கு இழுப்பு கிடையாது. எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"நாலுன்னா என்ன பாபு?" என்றேன்.

"அது வந்து சார்..." என்று அவருக்கு மறுபடியும் அந்தப் பழைய இருமல். "நீங்க விருது குடுத்ததுலேந்தே கீது சார். நீங்க எப்ப வந்தாலும் இழுப்பாங்க. நீங்கதான் கவனிக்கல."

கமலா தன் போனை எடுத்துத் தட்டி என் முகத்துக்கு நேரே நீட்டினார். 'கயிற்றைக் கழற்றிய ஆள் வருகிறார். கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.'

நிமிர்ந்து பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்த பிரஸ்களை எல்லாம் நிறுத்திவிட்டு, பத்து பேரும் ஒரு கையை உயர்த்திக் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு டீ வந்தது. நான் குடித்து முடித்து, டம்ளரை வைத்துவிட்டு, வாசலைத் தாண்டும்வரை ஒரு கையும் கீழே இறங்கவில்லை.